நாளொன்றுக்கு ஆறு மீட்சி

சுமலதாவின் திரை முதல்முறை கறுத்தபோது அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. மூன்று வினாடி இருட்டு. பிறகு எல்லாம் இருந்த இடத்துக்கே வந்துவிட்டன. வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் எழுந்தது. டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது, இப்போது மீண்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் தெரிவித்துவிட்டு மரியாதையாக மறைந்தது.

அதைப் பதிவேட்டில் எழுதியதுதான் அவள் செய்த தப்பு.

எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களின் கியர்பெட்டிக்கு அலுமினிய மூடி வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில், ஒவ்வொரு பிரிவும் வாரத்துக்கு இரண்டு அசாதாரண நிகழ்வுகளைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அசாதாரணமாக எதுவும் நடக்காத பிரிவு, ஏன் நடக்கவில்லை என்று விளக்கம் தர வேண்டும். அது நான்கு பக்கம். எனவே வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அசாதாரணத்தைத் தேடிக்கொண்டு அலைவார்கள். போன வாரம் சுமலதாவின் வரைபடப் பிரிவு ஒரு நாற்காலி கிறீச்சிட்டதையும் சுவரில் ஒரு பல்லி தென்பட்டதையும் எழுதியிருந்தது. பல்லி மீதான நடவடிக்கை இன்னும் நிலுவையில் இருந்தது.

இந்த வாரம் ஒன்று குறைந்தது.

"எழுதாத சுமா," என்றாள் ஆரோக்கியமேரி. பக்கத்து மேசை, அளவுச் சோதனையில் எட்டு வருஷ அனுபவம். "நாக்காலி, பல்லி, அத்தோட நிறுத்திக்கோ. மெஷினு பேரு எழுதினா பேஜாரு."

"நெஜமாவே நடந்துதுக்கா."

"அதான் சொல்றேன். நெஜமா நடந்தத எவளாவது எழுதுவாளா?"

சுமலதா எழுதிவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் டிரெய்னி. மீஞ்சூரிலிருந்து தினமும் மின்சார ரயில். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு பயிற்சிக் காலம் முடிகிறது. அதற்குள் பணி நிரந்தரக் கடிதம் வர வேண்டும். நிரந்தரமானவர்களின் மருத்துவக் காப்பீட்டில்தான் பெற்றோர் பெயரைச் சேர்க்க முடியும். அவள் அம்மா அஞ்சம்மாளுக்கு இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவை என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அந்த ஒரு கடிதத்துக்காக, ஒழுங்கான பெண்ணாக, பதிவேட்டை விதிப்படி நிரப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அன்புராஜ் வந்தான். காக்களூர் யூனிட்டுக்கும் இதற்கும் சேர்த்து ஐ.டி.க்கு அவன் ஒருவன்தான். இங்கே செவ்வாய் மட்டும். இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தான்.

"இந்த டிரைவர்தான் படத்தக் கொண்டாந்து திரைல சேக்குறது. புதுசு ஒண்ணு ராவோட ராவா அதுவா எறங்கிக்கினு ஒக்காந்துக்கினு இருக்குது. உன் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒத்துக்கல. பழசு உள்ளயே பத்திரமா கீது. பழசுக்கே திரும்பறதுக்கு ரோல்பேக்னு ஒரு பட்டன். ஒரு ரீஸ்டார்ட். பத்து நிமிஷம்."

"அப்பப் பண்ணுங்கண்ணா."

அன்புராஜ் மவுஸிலிருந்து கையை எடுத்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "நான் தொட்டா அது மாத்தம். மாத்தம்னா மாற்றப் படிவம். படிவம்னா கஸ்டமர் கையெழுத்து. கஸ்டமர் பூனாவுல கீறாரு."

"அது தானா எறங்குனப்போ யாரு கையெழுத்து போட்டாங்க?"

"தானா வந்தா அது மாத்தம் இல்லமா. அது இயற்கை."

வியாழக்கிழமை தர மேலாண்மைத் தலைவர் ஜெகன் கூட்டம் கூட்டினார். பதினொரு பேர், பதினொரு டீ, ஒரு மீன்முள்.

மீன்முள் என்பது ஒரு வரைபடம். தலைப்பக்கம் குறையை எழுதி, உடம்பில் நான்கு முட்கள் வரைவார்கள்: மனிதர், இயந்திரம், பொருள், முறை. காரணம் எந்த முள்ளில் சிக்கியிருக்கிறது என்று கூடிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். இயந்திரம் என்று முடிவானால் தலைமை அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். பொருள் என்றால் விற்றவனுக்குக் கடிதம் எழுத வேண்டும். அவன் பதில் எழுதுவான். முறை என்றால் முந்நூறு பக்கக் கையேட்டைத் திருத்த வேண்டும். மனிதர் என்றால் ஒரு கையெழுத்துப் போதும். ஆறு ஆண்டுகளாக அங்கே எல்லாக் காரணங்களும் மனித முள்ளிலேயே அகப்பட்டன. மற்ற மூன்று முட்களும் மெருகு குலையாமல் இருந்தன. மனித முள்ளில் பெயர் ஏறியவரை ஆறு மாதத்துக்கு நிரந்தரம் செய்யக்கூடாது என்பது விதி.

முள்ளைக் கண்டுபிடிக்கும் வழி, ஐந்து முறை ஏன் என்று கேட்பது. நான்கு என்றால் ஆய்வு போதாது. ஆறு என்றால் வரம்பு மீறல்.

"திரை ஏன் கறுத்தது?" என்று ஜெகன் ஆரம்பித்தார்.

"டிரைவர் நின்னு போச்சு சார்."

"டிரைவர் ஏன் நின்றது?"

"புது டிரைவரு கார்டுக்கு ஒத்துக்கலையாம் சார். அன்புராஜ் அண்ணன்..."

ஜெகன் திறந்த சாக்கடையைக் கண்டவர்போலக் காலை இழுத்துக்கொண்டார். "அது இயந்திர முள். அந்தப் பக்கம் போக வேண்டாம். ஸ்கிரீன்ல என்ன வந்ததோ அதை மட்டும் பேசுவோம். டேட்டா பேசணும், நாம பேசக்கூடாது."

"பதில் சொல்ல முடியாம நின்னுட்டுதுனு வந்துது சார்."

"ஏன் பதில் சொல்ல முடியலை?"

"கேள்வி ஜாஸ்தியா இருந்திருக்கும் சார். திரைல கியர்பெட்டி மாடல சுத்திச் சுத்திப் பாத்துக்கினு இருந்தேன்."

"ஏன் சுத்தினீங்க?"

"பின்பக்கம் பாக்கணுமே சார்."

"ஏன் பின்பக்கம் பாக்கணும்?"

"என் வேலையே அதான் சார்."

ஜெகன் விரல்களை எண்ணினார். ஐந்து. பேனாவை எடுத்து மனித முள்ளில் எழுதினார்: 'ஊழியர் சுமலதாவிடம் காணப்படும், பின்பக்கம் பார்க்கும் பழக்கம்.'

"சார், மூணு செகண்டுல அதுவே சரியாயிடுது," என்றாள் சுமலதா. குரல் மெலிந்திருந்தது.

"யாரைக் கேட்டு சரியாகுது?" ஜெகன் உண்மையிலேயே புண்பட்டிருந்தார். "ஒரு குறைன்னா, நாம வந்து பார்க்கிற வரைக்கும் அது காத்திருக்கணும். அதுவா வரும், அதுவா போகும்னா இந்தத் துறை எதுக்கு? நாங்க எதுக்கு? இந்தப் பிஸ்கட் எதுக்கு?"

பிஸ்கட் தீர்ந்திருந்தது. இனிப் பின்பக்கம் பார்ப்பதில்லை என்று சுமலதாவிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அறிக்கையோடு இரண்டு புகைப்படம் இணைக்க வேண்டும் என்பது அடுத்த விதி. 'பிரச்சினை' என்று ஒன்று, 'தீர்வு' என்று ஒன்று. ஜெகனே கைபேசியோடு அவள் மேசை முன்னால் வந்து நின்றார். படம் எடுப்பதற்காக மட்டும் பின்பக்கம் பார்க்கலாம் என்று எழுத்துமூலம் அனுமதி தந்தார். சுமலதா மாடலைச் சுற்றினாள். நாற்பது நிமிடம் திரை கறுக்கவில்லை. பெரிய அதிகாரி முன்னால் வேலை செய்வதுபோல நடிக்கும் எந்த ஊழியரையும்போல அது பளிச்சென்று இருந்தது. அவர் கொட்டாவி விட்டபோது கறுத்தது. படக்கென்று எடுத்துவிட்டார்.

கறுத்த திரை நல்ல கண்ணாடி. 'பிரச்சினை' என்ற தலைப்பின் கீழ், வாயைப் பிளந்துகொண்டு, கையில் கைபேசியோடு ஜெகன் இருந்தார். 'தீர்வு' என்ற தலைப்பின் கீழ் ஒரு கியர்பெட்டி இருந்தது. படத்தை யாரும் கவனிக்காமல் லேமினேட் செய்து தகவல் பலகையில் மாட்டிவிட்டார்கள்.

ஆரோக்கியமேரி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். "ஆறு வருசத்துல மொத தபா காரணத்தக் கரெக்டா கண்டுபுடிச்சிருக்காங்கோ," என்றாள்.

மறுநாள் அதை எடுத்துவிட்டு, கணினியில் வரைந்த ஒரு கறுப்புக் கட்டத்தை ஒட்டினார்கள்.

பிறகு பயிற்சி. சென்னையிலிருந்து ஒருவர் வந்து எட்டு மணிநேரம் சுமலதாவுக்கு மட்டும் வகுப்பெடுத்தார். இருட்டை நேசிக்கும்படி கேட்டுக்கொண்டார். மூன்று வினாடியில் ஒரு மூச்சை எப்படி இழுத்துவிடுவது என்று காட்டினார். கடைசியில் தேர்வு. திரை கறுக்கும்போது ஊழியர் செய்ய வேண்டியது என்ன: பதறுதல், பதறாமல் இருத்தல், மேலதிகாரியிடம் தெரிவித்துவிட்டுப் பதறுதல். சுமலதா இரண்டாவதைக் குறித்தாள். தவறு. மூன்றாவதுதான் சரி.

அன்று சாயங்காலம் ஜெகனின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த முள்ளுலேருந்து என் பேர எடுக்க முடியுமா? முப்பதாம் தேதியோட எனக்கு..."

"அதைப் பேர்னு ஏன்மா நினைக்கிறீங்க? வளர்ச்சிக்கான வாய்ப்புன்னு நினைங்க," என்றார் ஜெகன் அன்பாக. "என் பேரு இன்னிக்கு வரைக்கும் ஒரு முள்ளுலகூட வந்ததில்லை. அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை."

வீட்டில் அஞ்சம்மாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுமலதா நடந்ததைச் சொன்னாள்.

"மீனு முள்ளு தொண்டையில சிக்கும், தெரியும்," என்றாள் அஞ்சம்மாள். "உத்தியோகத்துலயுமா சிக்கும்? சோத்த உருட்டி முழுங்குடி, எறங்கிடும்."

"எறங்காதுமா. லேமினேட் பண்ணிட்டாங்க."

இருபத்திரண்டாம் தேதி பூனாவிலிருந்து கஸ்டமரின் தணிக்கையாளர் வந்தார். அங்கே இருபது வருஷமாகக் குடியிருக்கும் தமிழர். தமிழை அளந்து அளந்து செலவழித்தார். தொழிற்சாலை முழுவதும் புது பெயின்ட் வாசனை. பல்லியை அதற்கு முந்தின நாளே அப்புறப்படுத்தியிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வரைபடப் பிரிவுக்கு வந்து, சுமலதாவின் பின்னால் நின்றார்.

"புது மூடி வரைபடம். திறங்க."

திறந்தாள்.

"பின்பக்கம் காட்டுங்க."

சுமலதா ஜெகனைப் பார்த்தாள். பின்பக்கம் பார்க்க மாட்டேன் என்று அவள் கையெழுத்திட்ட உறுதிமொழி அவர் கோப்பில் இருந்தது. ஜெகன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். மாடலைத் திருப்பினாள். திரை கறுத்தது.

ஒன்று. ஜெகனின் உதடு அசைந்தது. இரண்டு. ஆரோக்கியமேரி சிலுவைக்குறி போட்டாள். மூன்று. மூடி திரும்பி வந்தது. கூடவே மூலையில் அந்தக் கட்டமும். தணிக்கையாளர் குனிந்து அதைப் படித்தார். நின்றுவிட்டது. மீண்டுவிட்டது.

"இது என்ன?"

சுற்றி நின்ற பதினொரு பேரில் பத்துப் பேர் சுமலதாவைப் பார்த்தார்கள். அப்போது ஜெகன் ஓரடி முன்னால் வந்தார்.

"சார், இது எங்க தானியங்கி மீட்பு. குறை தோன்றும். உடனே நிற்கும். தானே அறிவிக்கும். தானே மீளும். மொத்தம் மூணு வினாடி. மத்த கம்பெனிகள்ல குறையை மனுஷங்க சரி பண்றாங்க சார். இங்க மனுஷங்க யாரும் எதையும் சரி பண்றதில்லை. என் தலைமையில ஆறு வருஷமா அப்படித்தான் நடக்குது."

தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல ஊர் பார்த்தவர். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. அறிக்கையில் பச்சை மையில் எழுதினார்: 'மிகச் சிறந்த நடைமுறை. மற்ற எல்லாக் கணினிகளுக்கும் விரிவாக்கவும்.'

மறுநாள் புதன்கிழமையாக இருந்தும் அன்புராஜை வரவழைத்தார்கள்.

"நல்லா ஓடிக்கினு இருக்கற சிஸ்டத்துக்கெல்லாம் கெட்டதப் போடச் சொல்றீங்களா சார்?"

"கெட்டதுன்னு சொல்லாதீங்க. மீளக்கூடியதுன்னு சொல்லுங்க."

"மாத்தம் ஆச்சே சார். கஸ்டமர் கையெழுத்து?"

ஜெகன் பச்சை மையைக் காட்டினார். வேறு வழியில்லாமல் அன்புராஜ் முப்பத்தொரு கணினியிலும் அந்த டிரைவரை ஏற்றினான். பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரே வகைக் கார்டு. போகும்போது சுமலதாவிடம், "பதினோரு வருச சர்வீசு. வைரஸ் பண்ற வேலய சம்பளத்துக்குப் பண்ணிட்டுப் போறேன்," என்றான்.

ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டவணை வைத்தார்கள். இலக்கு, நாளொன்றுக்கு ஆறு மீட்சி. கறுத்து வந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு, நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஸ்டோர்ஸ் முனுசாமியின் பழைய கணினியில் மட்டும் வேறு கார்டு. அது கறுக்கவே மாட்டேன் என்றது. ஏன் மீளவில்லை என்று அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. கவிழாமலே எப்படி மீள்வது என்று அவர் திருப்பி எழுதினார். மனப்பான்மை சரியில்லை என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். கேன்டீனில் டோக்கன் அடிக்கும் கணினி ஒரே மதியத்தில் பதினேழு முறை மீண்டு முதல் பரிசு வாங்கியது. அன்று பாதிப் பேர் சாப்பிடவில்லை.

இதில் சுமலதாவுக்கு ஒரு நல்லது நடந்தது. சாதனைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. எனவே மீன்முள் ரத்தானது. மனித முள்ளிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டு, சாதனைப் படிவத்தில் ஜெகன் தன் பெயரை எழுதிக்கொண்டார். அவளுடைய கோப்பு மேசை மேசையாக நகர்ந்து மனிதவளத் துறைக்கு வந்துசேர்ந்தபோது முப்பதாம் தேதி, மாலை மூன்றரை மணி.

மனிதவளத்தில் திலகவதி இருந்தார். நல்ல மனுஷி, எதையும் நேரத்தோடு முடிப்பவர். "ஒக்காரு. அஞ்சு மணிக்கு ஆலைத் தலைவர் கெளம்பிடுவாரு. அதுக்குள்ள அடிச்சி, கையெழுத்து வாங்கிடணும். இன்னிக்குப் போடலன்னா சாஃப்ட்வேரே உன் டிரெய்னிங்க ஆறு மாசம் நீட்டிச்சிடும். யாரு சொன்னாலும் கேக்காது அது."

சுமலதா உட்கார்ந்தாள். திலகவதி அடித்தார். பெயர், பதவி, ஊர், 'இதன்மூலம் தெரிவிப்பது யாதெனில்' வரைக்கும் வந்தார். திரை கறுத்தது. மூன்று வினாடி. திரும்பியது. மீண்டுவிட்டதாகக் கட்டம் சொன்னது. கடிதம் மட்டும் மீளவில்லை. படம் காட்டும் டிரைவர் விழும்போது கடிதம் அடிக்கும் மென்பொருளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தது. டிரைவர் எழுந்துவிட்டது, அது எழவில்லை.

"ஒண்ணு," என்று திலகவதி அட்டவணையில் கோடு போட்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து.

"பாதில சேவ் பண்ணிக்க முடியாதா மேடம்?"

"முழுசா முடிச்சாதான் சேவ் பண்ண விடும். பாதில சேவ் பண்ணா முறைகேடு நடக்குமாம்."

இரண்டாம் முறை, 'பணி நிரந்தரம்' என்ற சொல்லுக்கு முன்னால் கறுத்தது. கோடு. மூன்றாம் முறை காப்பீட்டு இணைப்பு வரை போய்விட்டார். தாயார் பெயர் என்ற இடத்தில் 'அஞ்ச' என்று அடித்தபோது கறுத்தது. கோடு. மணி நாலு இருபது.

சுமலதா எழுந்தாள். "மேடம், கொஞ்சம் எழுந்திரிங்க."

"இன்னாத்துக்கு?"

"பத்து நிமிஷம்."

திலகவதி அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "ஏய், அது மாத்தம். தெரிஞ்சுது, இன்னிக்கே உன் பேரு முள்ளுக்குப் போயிடும். அப்புறம் கடுதாசி எங்க?"

"தெரிஞ்சாதான மேடம்."

திலகவதி எழுந்தார். பிறகு போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நல்ல கனத்த சரீரம்; கதவைவிட உபயோகமாக இருந்தது.

நிர்வாகி கடவுச்சொல் கேட்டது. சுமலதா அன்புராஜுக்குப் போன் போட்டாள்.

"நான் சொல்லமாட்டேன்மா. சொன்னா என் வேல பூடும்," என்றான் அவன். "நான் பாட்டுக்குத் தனியாப் பொலம்பிக்கினு போறேன். பெரிய கே. சின்ன கே. எல். அப்புறம் நாலு சைபரு. இன்னா வெயிலுடா சாமி." வைத்துவிட்டான்.

பழைய டிரைவர் அவன் சொன்னபடியே உள்ளே பத்திரமாக இருந்தது. பட்டனை அழுத்தினாள். ஏன் என்று கணினி காரணம் கேட்டது. ஒரே ஒரு முறைதான் கேட்டது. 'முன்பு நன்றாக இருந்தது' என்பதைக் குறித்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரை முழுக்க இருண்டது.

வாசலில் ஜெகனின் குரல். "என்ன மேடம், உங்க சிஸ்டம் இவ்வளவு நேரமா கறுப்பா இருக்கு?"

சுமலதா மேசைக்கு அடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேடினாள்.

"மீண்டுக்கினு இருக்குது சார்," என்றார் திலகவதி, நகராமல்.

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆவுது சார்."

ஜெகன் பரவசமானார். "இதுவரைக்கும் மூணு வினாடிதான் மேடம் நம்ம சாதனை. இது நீண்ட மீட்சி! அந்த ஆறுல சேர்க்காம இதோட நேரத்தைத் தனியா எழுதி வையுங்க. அடுத்த தணிக்கைக்கு இதைத்தான் காட்டப் போறேன்." செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது.

திரை வந்தது. திலகவதி அடித்தார். கறுக்கவில்லை. தாயார் பெயர் அஞ்சம்மாள், வயது ஐம்பத்தாறு. கறுக்கவில்லை. முடித்தார், சேமித்தார், அச்சடித்தார். தாளைப் பறித்துக்கொண்டு சுமலதா மாடிக்கு ஓடினாள். ஆலைத் தலைவர் ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றபடியே கையெழுத்துப் போட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. மணி நாலு ஐம்பத்தைந்து.

கோப்பில் வைக்க நகலைக் கொடுக்கத் திரும்பி வந்தபோது திலகவதி அட்டவணையைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்திருந்தார்.

"உன் வேல முடிஞ்சிது. என் பொழப்பப் பாரு. ஆறு வேணும், மூணுதான் கீது. இனிமே இது கறுக்கவே கறுக்காதே. நாளைக்கு எனக்கு ஓலை வருமே சுமா."

சுமலதா யோசித்தாள். பிறகு குனிந்து, மானிட்டரின் கீழ் விளிம்பில் இருந்த பட்டனை அழுத்தினாள். திரை அணைந்தது. மனசுக்குள் மூன்று எண்ணி, மறுபடி அழுத்தினாள்.

"மீண்டுடுச்சி மேடம். எழுதிக்கோங்க."

திலகவதி நான்காவது கோட்டைப் போட்டார். நேரம் எழுதினார். கையெழுத்திட்டார். பேனாவை மூடப்போனவர், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அடுத்த இரண்டையும் தானே அழுத்திக்கொண்டார்.